பின்வீலு

1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், இன்னும் பதினோரு தடைகள் வந்தன. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் இரண்டு பட்டியலையும் பதிவு செய்து வைத்திருக்கிறார். இரண்டாவது பட்டியலின் கடைசித் தடை கல்யாண ஊர்வலம் பற்றியது. மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதோடு சேர்த்து இன்னொன்று: எந்தக் காரியத்துக்காகவும் எந்த வண்டியையும் அவர்கள் பயன்படுத்தக் கூடாது.

யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. அதனால் இந்தத் தடையை நான் தலைகீழாகத்தான் வாசிக்கிறேன். 1931க்கு முன்பே இராமநாதபுரத்துச் சேரிகளில் எவனோ ஒருவன் வண்டி ஏறியிருக்கிறான். அது என்ன வண்டி, எங்கே வாங்கினான், சக்கரம் ஒடிந்தால் யார் செய்துகொடுத்தது என்பதெல்லாம் ஹட்டனில் இல்லை. தடை போட்டவனின் பட்டியல் கிடைக்கிறது, வண்டி ஓட்டியவனின் கதை கிடைப்பதில்லை. நம்மை அடித்தவனின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டித்தான் நாம் இருந்தோம் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை சைக்கிளைப் பற்றியது. அதிலும் பின்சக்கரத்தைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பின்வீலு என்போம். பின்வீலு போனால் வேறொன்று வாங்கி மாட்டுவதெல்லாம் வரலாற்றுக் கட்டுரைக்குரிய விஷயமா என்று தோழர்கள் சிலர் சிரிக்கலாம். பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் ஆதி மனிதனின் கல் ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதிலிருந்து இந்திய வரலாறு பல ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போயிற்று, பாடப்புத்தகத்தில் பல்லாவரம் ஏறியது. அதே பல்லாவரத்து மலையில், திரிசூலத்தில், பம்மலில் நூறு வருஷம் கல் உடைத்தவர்கள் எந்தப் பாடத்திலும் ஏறவில்லை. ஒரு கல்லுக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசி கேட்டாலும் பின்வீலுக்கு ஒரு கட்டுரை எழுதலாம்.

முதலில் ரோடு. சக்கரம் உருள ரோடு வேண்டும் அல்லவா?

ரோட்டுக்காகப் பேசியவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் மதுராந்தகத்துப் பக்கம். எம்.சி. ராஜா பிறந்தது பரங்கிமலை. இரண்டும் பழைய செங்கல்பட்டு மாவட்டம். இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர் நடக்கவோ புழங்கவோ தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையும் வந்தது. காகிதத்தில் ரோடு திறந்துவிட்டது.

ஆனால் ரோட்டில் நடப்பது வேறு, ரோட்டில் ஏறிப் போவது வேறு. நடக்கிறவன் ஒதுங்கிக்கொள்ளலாம், குனிந்துகொள்ளலாம். சக்கரத்தின் மேல் உட்கார்ந்தவன் தலை நிமிர்ந்துதான் இருக்கும், குனிந்தால் விழுந்துவிடுவான். சாதி இந்துவுக்கு உறுத்தியது இந்த உயரம்தான். அய்யங்காளி 1893இல் திருவிதாங்கூரில் வெங்கானூர்ப் பக்கம் வில்வண்டி ஒன்றை வாங்கி, அதில் உட்கார்ந்து, பொது ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். வண்டிதான் போராட்டம். அதற்கு வேறு முழக்கம் தேவைப்படவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் கதை இன்னும் கூர்மையானது. 1929இல் சாலீஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர். மகர்கள் குடியிருப்பு வரை அவரை ஏற்றிப் போக எந்தக் குதிரைவண்டிக்காரனும் தயாராக இல்லை. மகர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் போகும்போது சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியது. அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். வண்டி வாடகைக்குக் கிடைத்தது, ஓட்டுகிறவன் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டியை மற்றவன் கையில் வைத்திருக்கும் வரை நம் கால் எலும்பும் அவன் கையில்தான் இருக்கிறது.

சைக்கிளுக்கு ஓட்டுகிறவன் தனியாக வேண்டாம். இதுதான் அதன் முதல் விசேஷம். மாடு வேண்டாம், குதிரை வேண்டாம், தீவனம் வேண்டாம். அவனவன் கால்தான் எஞ்சின்.

இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவத்தில் சைக்கிள் வந்தது 1885இல். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற பெயரில் செய்தார். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, செயின் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றுவது. அதற்கு முந்திய சைக்கிளில் முன்சக்கரம்தான் ஆள் உயரத்துக்கு இருக்கும், பெடலும் அதிலேயே இருக்கும். ஆக, உழைப்பு பின்சக்கரத்துக்கு மாறியது அப்போதுதான். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு உலகத்துக்கே ரப்பர் பைத்தியம் பிடித்தது. பெல்ஜியத்து அரசன் லியோபோல்ட் காங்கோவில் ரப்பர் கொண்டுவராத கருப்பு மக்களின் கைகளை வெட்டிய காலம் இதுதான். பிறகு மலேயாவில், இலங்கையில் ரப்பர்த் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் பால்வெட்டப் போனவர்கள் யார்? கங்காணிகள் ஆசை காட்டிக் கப்பலேற்றிய தமிழ்ச் சனம். அதில் கணிசமானோர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். சைக்கிள் நம் தெருவுக்குள் வருவதற்கு முன்பே நம் வியர்வை சைக்கிளுக்குள் போய்விட்டது. சீட்டுக்கும் இதே கதைதான். பழைய சைக்கிளின் சீட்டு தடித்த தோல். தோலைத் தொட்டுப் பதப்படுத்தியவன் தீண்டத்தகாதவன். அதன் மேல் உட்கார்ந்து போனவன் தீட்டுப்படாதவன்.

இங்கே முதலில் சைக்கிள் ஓட்டியவர்கள் வெள்ளைக்காரர்களும், பாதிரிமாரும், கொஞ்சம் படித்த உத்தியோகக்காரர்களும். ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் எல்லாம் கப்பலில் வந்தன. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கின. அம்பத்தூரில் தொழிற்சாலை எழுந்தது. ஹெர்குலிஸ் உள்ளூர்ச் சரக்கானது. 1950களில் சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. கம்பெனி வரலாறு இதற்கு மேல் நமக்குத் தேவையில்லை, அதை எழுத ஆள் இருக்கிறார்கள்.

நமக்குத் தேவை தாம்பரம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். இராமநாதபுரத்தில் எந்த வண்டியும் கூடாது என்று தடை வந்த அதே வருஷம். ரயிலில் டிக்கெட் வாங்கினவன் எல்லாம் ஏறலாம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து சேரி எத்தனை மைல்? சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரி, 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம், ரயில்வே, பரங்கிமலை இராணுவக் குடியிருப்பு என்று வேலைகள் ரயில் பாதையை ஒட்டியே வந்தன. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் முழுக்கத் தோல் ஷாப்புகள். அதற்கு மேல் கல்குவாரிகள். இந்த வேலைகளில் கூட்டுகிறவன், கழுவுகிறவன், தோல் தேய்க்கிறவன், கல் உடைக்கிறவன், மண் சுமக்கிறவன் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவர்களுடைய வீடு ரயில் பாதையை ஒட்டி இல்லை. முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, வேங்கைவாசல், மேடவாக்கம் என்று ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் ஊர். ஊருக்கு நடுவில் தெரு.

இந்தத் தூரத்தை நடந்து கழித்தவர்கள் எங்கள் தாத்தா தலைமுறை. சைக்கிளில் கழித்தவர்கள் எங்கள் நைனா தலைமுறை.

பின்வீலின் சங்கதியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மெக்கானிக் தோழர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பின்னால்தான் பாரம் அதிகம் என்று வெள்ளைக்காரன் முதலிலேயே கணக்குப் பண்ணி எட்டுக் கம்பியைக் கூட்டி வைத்தான். அவன் கணக்குப் பண்ணியது சீட்டில் உட்காரும் ஒரு ஆளை. நம் ஆட்கள் ஏற்றியது அதுவா? கேரியரில் பெண்டாட்டி, பாரில் பிள்ளை, ஹேண்டில் பாரில் தூக்குச்சட்டி. ஞாயிற்றுக்கிழமை என்றால் கேரியரில் விறகுக்கட்டு. ஈரத்தோலைக் கட்டிக் கொண்டுபோனவர்களும் உண்டு. இத்தனையும் விழுவது பின்வீலின் மேல். செயின் இழுப்பதும் அதைத்தான்.

சைக்கிள் கம்பி தூண் மாதிரி நின்று தாங்குவதில்லை. நாற்பது கம்பியும் நாலா பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் ரிம் வட்டமாக நிற்கிறது. ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிக்கு இழுவை மாறும். கவனிக்காமல் விட்டால் அதுவும் அறும். பிரீவீல் இருக்கும் பக்கம் கம்பி கொஞ்சம் நிமிர்ந்து, இறுக்கம் கூடுதலாக இருக்கும். அந்தப் பக்கம்தான் முதலில் போகும், அந்தப் பக்கம்தான் மாற்றுவதும் கஷ்டம், பிரீவீலைக் கழற்றாமல் கம்பி நுழையாது. இரண்டு கம்பி அறுந்து ஒரு மாசம் ஓட்டினால் ரிம்மில் கோட்டம் விழும். கோட்டத்தோடு ஓட்டினால் டயர் ஒரு பக்கம் தேயும், பிரேக் கட்டையில் உரசும். கடைசியில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது எட்டு மாதிரி மடங்கிக்கொள்ளும். முன்வீலு போனால் பின்வீலில் உருட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், ஹேண்டில் பாரைத் தூக்கிப் பிடித்துத் தள்ளுவது பெரும்பாடு. பின்வீலு போனால் அதைவிட மோசம். கேரியரைத் தோளில் தூக்கி வைத்து, முன்வீலில் உருட்டி, பின்னோக்கி இழுத்துக்கொண்டு வர வேண்டும். பிணம் தூக்குகிற மாதிரி இருக்கும்.

காசுள்ளவனுக்குச் சைக்கிள் என்பது ஒரு பொருள். கடையில் போய் முழுசாக வாங்குவான். நம் வீடுகளுக்குச் சைக்கிள் முழுசாக வந்ததில்லை. பிரேம் ஒருவரிடம், முன்வீலு இன்னொருவரிடம், பெடல் சந்தையில், சீட்டு எவனோ கழித்துப் போட்டது. ஒரு வருஷம் கூடிக் கூடித்தான் ஒரு சைக்கிள் உருவாகும். வந்த பிறகும் அப்படித்தான். ரிம்மை இந்த மாசம், கம்பி செட்டை அடுத்த மாசம், ஹப்பைத் தீபாவளிப் போனஸில். இதனால் ஒரு கல்வி கிடைத்தது. எந்தப் பாகம் எதோடு சேரும், எது சேராது என்ற ஞானம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விரல் நுனியில் இருந்தது. 28 இன்ச்சு டயர், 26 இன்ச்சு ரிம்மில் ஏறாது. 40 துளை ஹப்புக்கு 36 துளை ரிம் ஒத்துவராது. பால்ரஸ் குண்டு முன்வீலுக்குச் சின்னது, பின்வீலுக்குக் கால் இன்ச்சு. இதையெல்லாம் ஐ.டி.ஐ.யில் படித்தால் சான்றிதழ் தருவார்கள்.

டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த ஊர்களிலும் சைக்கிள் கடையில் ஒரே பம்புதான் இருந்தது. இதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். காற்றுக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது. ஆனால் அதற்காகச் சைக்கிள் கடையைச் சமத்துவபுரமாக்கிவிட வேண்டாம். வாடகைச் சைக்கிள் கேட்டால் “எல்லாம் வெளியே போயிருக்கு” என்று சொல்லி, கடைக்குள் நிற்கும் சைக்கிளையே காட்டிக்கொள்ளாமல் அனுப்பிய கதைகளைப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். தெருமுனையில் இறங்கி, தெரு முடிந்ததும் ஏறுவது. லைட்டு இல்லையென்றால், டபுள்ஸ் போனால் போலீஸ்காரன் பிடித்தான். அவனாவது சட்டப்புத்தகத்தைக் காட்டினான். உள்ளாட்சிக்காரர்கள் சைக்கிளுக்கு வரி வாங்கித் தகர வில்லை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வரி கட்டிய வில்லை ஹேண்டில் பாரில் தொங்க, அந்தச் சைக்கிளை அந்த ரோட்டிலேயே தள்ளிக்கொண்டு போனான் நம் ஆள். வரி மட்டும் ஏறி உட்கார்ந்து போயிற்று.

பெண்கள் கதை இன்னும் தாமதம். 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை நேரில் போய்ப் பார்த்து எழுதினார். பெண்கள் பலர் லேடீஸ் சைக்கிளைவிடப் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் என்று அவர் குறிப்பிடுகிறார். இந்த ஒரு விவரம் போதும் எனக்கு. சைக்கிளை அழகுக்காக ஓட்டவில்லை நம் பெண்கள், பாரத்துக்காக ஓட்டினார்கள். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2001-02இல், தமிழக அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு எல்லா மாணவர்களுக்கும் என்று விரிந்தது.

எனக்கு 2006இல் கிடைத்தது. பதினோராம் வகுப்பு. எங்கள் வீட்டுக்கு முழுசாக வந்த முதல் சைக்கிள் அதுதான். எங்கள் ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை, தாம்பரத்துக்கு மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் தாம்பரத்தில். தினம் இரண்டு தடவை ஊர்த்தெரு வழியாகத்தான். நான் இறங்கித் தள்ளவில்லை. இறங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நைனா வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டார் என்று பின்னால் தெரிந்தது. திண்ணைகளில் ஏதேதோ பேசினார்கள். “கவர்மெண்டு கொடுத்த குதுரை” என்பது அதில் எழுதக்கூடிய ஒன்று.

ஒருநாள் ரேஷன் கடை வாசலில் நிறுத்திவிட்டு வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது சைக்கிள் தரையில் கிடந்தது. பின்வீலு எட்டாக மடங்கியிருந்தது. சுற்றி ஆட்கள் இருந்தார்கள். யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. முன்வீலுக்கும் ஹேண்டில் பாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செய்தவனுக்குச் சைக்கிளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. கேரியரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மண்ணெண்ணெய்க் கேனை இன்னொரு கையில் பிடித்து, அந்தத் தெரு முழுக்க நடந்து வந்தேன். அன்றைக்குத் தள்ளிக்கொண்டுதான் போனேன், அவர்கள் நினைத்தது நடந்தது.

சேரிப் பையன்கள் கொதித்தார்கள். போலீசுக்குப் போகலாம் என்றார்கள். நைனா வீலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போனா இன்னான்னு எழுதுவான்? சைக்கிள் வுழுந்துச்சுன்னு எழுதுவான். வுழுந்தா இப்பிடி ஆவாதுன்னு நீ சொல்லுவ. நீ மெக்கானிக்கான்னு கேப்பான்.” அதோடு விட்டார். விட்டார் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்; கோபமாகக்கூட இருந்தது. அவருடைய பதில் வெள்ளிக்கிழமை தெரிந்தது.

நைனா வேலை பார்த்த தோல் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைத் தெரியாதவர்கள் தென்சென்னைப் பக்கம் குறைவு. வெள்ளைக்காரன் காலத்துச் சந்தை என்பார்கள். செடி, ஆடு, கோழி, காய்கறியோடு, உலகத்தில் கழித்துப் போட்ட சாமான் அத்தனையும் தரையில் பரப்பியிருக்கும். பழைய சைக்கிள் பாகங்களும் அப்படித்தான். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். பழைய டயரைக் கழற்றி மாலை மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டார். அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், கடைக்காரனோடு வாதாட வேண்டியதில்லை. அச்சின் நீளத்துக்கு ஒரு துடைப்பக்குச்சியை ஒடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பிரேமுக்குள் உட்காருமா என்று பார்க்க அது போதும்.

புது ரிம், புதுக் கம்பி, புது ஹப் வாங்கிக் கோத்தால் கோக்கிற கூலியோடு விலை எங்கேயோ போய்விடும். கோத்த பழைய வீலே முழுசாகக் கிடைத்தால் லாபம். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். நைனா பார்த்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். அச்சின் இரண்டு முனையையும் விரலில் பிடித்து வீலைச் சுழற்றினார். கரகரவென்றால் பால்ரஸ் உடைந்திருக்கும் அல்லது கோன் தேய்ந்திருக்கும், வைத்துவிட்டார். அடுத்ததில் அச்சை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டம் இருந்தால் கோனை முறுக்கிச் சரிசெய்யலாம், அது குறையில்லை. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கிள்ளினார், இறுக்கம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று. ரிம்மின் உள்பக்கம் நிப்பிள் உட்காரும் துளைகளைச் சுற்றி விரலை ஓட்டினார். அங்கே துரு ஏறி வெடிப்பு விட்டிருந்தால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. நாலாவது வீலில் நின்றார். விலை பேசியது அரைமணி நேரம். கடைசியில் அவருடைய ஒன்றரை நாள் கூலிக்குப் படிந்தது.

பிரீவீல் கழற்ற எங்களிடம் சாவி இல்லை. தாம்பரத்தில் ஒரு பாய் கடைக்குப் போனோம். பாய் மடங்கிய வீலைத் திருப்பிப் பார்த்தார். “இது பள்ளத்துல வுட்டது இல்ல பாப்பா. படுக்கப் போட்டு ஏறி மிதிச்சிருக்கான்” என்றார். நைனா ஒன்றும் சொல்லவில்லை. பாயும் அப்புறம் கேட்கவில்லை. பிரீவீல் இறுகிப் போயிருந்தது. மிதிக்க மிதிக்க இறுகுவதுதான் அதன் சுபாவம். மண்ணெண்ணெய் விட்டு, வைஸில் பிடித்து, வீலையே ஸ்டீரிங் மாதிரித் திருப்பிக் கழற்றினார். புது வீலில் மரைக்குக் கிரீஸ் தடவிக் கையாலேயே ஏற்றினார். மரை கோணலாக ஏறினால் ஹப்பே வீண். பிறகு வீலை ஸ்டாண்டில் மாட்டி, சாக்பீஸை ரிம்மோரம் பிடித்துச் சுழற்றினார். கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் சாக்பீஸ் கோடு விழும். கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி, திரும்பச் சுழற்றி, திரும்பக் கோடு. பத்து நிமிஷத்தில் கோடு விழாமல் நின்றது. கூலி கொடுத்ததற்குப் பிரீவீலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

மாட்டுவதை நைனா வீட்டு வாசலில்தான் செய்தார். உள்ளே செய்திருக்கலாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பின் அச்சில் வீல் மட்டும் நிற்பதில்லை. ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாம் அதே அச்சில்தான் உட்கார்ந்திருக்கும். எது முதலில், எது மேலே என்ற வரிசை தப்பினால் நட்டு மரைக்குள் எட்டாது. ரிம் டேப்பு, டியூப்பு, டயர் போட்டு, பாதிக் காற்று அடித்து, பிரேக் கட்டைகளுக்கு நடுவில் வீலை நுழைத்து, செயினைப் பிரீவீலில் ஏற்றி, பின்னுக்கு இழுத்தார். செயின் நடுவில் விரலால் அமுக்கினால் அரை இன்ச்சு இறங்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும், அதைவிட விறைப்பாக இருந்தால் பால்ரஸ் தேயும். வீல் இரண்டு கம்பிக்கும் நடுவில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வலது நட்டைக் கொஞ்சம், இடது நட்டைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார். “ஒரே பக்கம் முறுக்குனா வீலு சாஞ்சிக்கும்” என்றார். ஸ்பேனரை என்னிடம் கொடுத்து, கழற்றி நீயே மாட்டு என்றார். மாட்டினேன். இருட்டுவதற்குள் இரண்டு தடவை. சேரியில் பாதிப் பேர் நின்று பார்த்தார்கள்.

அந்த வருஷம் இன்னொரு தடவை டயரைக் கிழித்தார்கள், ஒரு தடவை வால்வைப் பிடுங்கினார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவிலிருந்து ஆறு பெண்பிள்ளைகள் சைக்கிளில் போகத் தொடங்கினார்கள். ஆறு சைக்கிளின் பின்வீலையும் மிதிக்க அவர்களுக்கு நேரம் இல்லாமல் போயிருக்கலாம். ஊர் மாறிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழிநடை உரிமையை மறுப்பது குற்றம் என்று இருந்தது. சைக்கிள் என்ற வார்த்தை அதில் இல்லை. 2015இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான், பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறுவதைத் தடுப்பதும், செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பதும், கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பதும் குற்றம் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. ஹட்டனின் பட்டியலையும் இந்தப் பிரிவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செருப்பு, துணி, குதிரை, வண்டி. 85 வருஷம் கழித்து, அதே சாமான்களின் பட்டியல். ரோவர் சைக்கிள் வந்து 130 வருஷம். செல்போனில் சைக்கிள் ஆர்டர் பண்ணுகிற காலத்தில் ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து, சைக்கிள் ஏறுகிறவனைத் தடுக்காதே என்று சட்டம் எழுத வேண்டியிருக்கிறது. சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, எழுதியது நல்லது. இனி ஸ்டேஷனில் நீ மெக்கானிக்கா என்று கேட்பவனிடம் பிரிவைக் காட்டலாம்.

இரண்டு வருஷமாகத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேரிகளில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் போய்ச் சைக்கிளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெருவில் முதலில் வாங்கியது யார், எவ்வளவுக்கு, யாரிடம், ஊர்த்தெருவில் இறங்கினார்களா, முதலில் இறங்காமல் போனது யார் என்று. வருஷம் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. புயல் அடித்த வருஷம், ஏரி உடைந்த வருஷம் என்பார்கள். பம்மல் பக்கம் குவாரியில் வேலை பார்த்த ஒரு பெரியவர், பரங்கிமலையில் யாரோ கழித்துப் போட்ட சீமைச் சைக்கிளை வாங்கியவர், பிரேமையும் ரிம்மையும் எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார். பின்வீலு ஹப்பை மட்டும் போடவில்லை. பரணிலிருந்து இறக்கிக் காட்டினார். எந்த வருஷம் வாங்கினீர்கள் தாத்தா என்றேன். பெரிய மகள் பிறந்த வருஷம் என்றார். மகள் உள்ளே போய்ப் பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடி எடுத்துவந்தார். 1961.